240 வோட் பெட்டிக்குள் எந்தக் கிராபிக்ஸ் காட்?

வவுனியா பஜார் வீதியிலும் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்திலும் உள்ள கணினிக் கடைகளுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது புதிய கணினிகள் அல்ல. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்டு, துடைத்து மெருகேற்றி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கறுப்புப் பெட்டிகள்தான். டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்ரர். கடைக்காரர்கள் இவற்றை 'பிரான்டட் மெஷின்' என்பார்கள். வன்னியில் ஒரு வீட்டுக்குள் முதன்முதலாக நுழையும் கணினி பெரும்பாலும் இதுதான். விலை குறைவு, உழைப்பு அதிகம், இலேசில் பழுதாகாது. அந்த விலைக்கு இதைவிட நல்ல கணினி கிடையாது என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாங்கி ஆறு மாதமானதும் அடுத்த கேள்வி வரும். "அண்ணை, இதுக்கு ஒரு கிராபிக்ஸ் காட் போடலாமோ?"

கேட்பவர்கள் பலவகை. அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர்கள் சொலிட்வேர்க்ஸ் ஓடவில்லை என்று வருவார்கள். பம்பைமடுவிலிருக்கும் வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இயந்திரக் கற்றல் ஒப்படை இருக்கும். புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள், பிரதேச சபைக்குக் கொடுக்க வீட்டு வரைபடம் கீறுகிறவர்கள், விளையாட்டுக்காகக் கேட்கும் பொடியள் என்று மிகுதிப் பேரும் உண்டு. எல்லோரும் யூரியூப்பில் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் பதிலைச் சொன்னவரோ 600 வோட் பவர் சப்ளையும், தடைப்படாத மின்சாரமும், குளிரூட்டிய அறையும் உள்ள ஊரில் இருந்துகொண்டு பேசுகிறார். அங்கே கேள்வி "எது வேகம்?" என்பது. இங்கே "எதை இந்தப் பெட்டியும் எங்கள் மின்சாரமும் தாங்கும்?" என்பதில் தொடங்கவேண்டும். மாறித் தொடங்கினால் காட் மட்டும் போகாது, கணினியே போய்விடலாம். ஒரு போக நெல் விற்ற காசிலோ அடைவு வைத்த சங்கிலியிலோ வந்த கணினி அது.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வவுனியா நகரை விட்டால், போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வழங்கல் இருக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றர்களும் வாகன பற்றரிகளும்தான் வெளிச்சம் தந்தன. ரோச் பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. 2009க்குப் பிறகுதான் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களுக்குக் கம்பி வந்தது. வந்த பிறகும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது, அதைத் தொடர்ந்து நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோனதால் சில நாட்கள் சுழற்சி முறையில் மின்வெட்டும் வந்தது. இவை பெரிய செய்திகள். செய்தியாகாதவை ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, துணுக்காய்க்கு உள்ளே, கம்பியின் கடைசி நுனியில் இருக்கும் வீடுகளில் நடப்பவை. பின்னேரம் தண்ணீர் மோட்டர்கள் ஓடத் தொடங்கியதும் 230 வோல்ற் இருக்கவேண்டிய இடத்தில் மின்குமிழ் மங்கும். இந்தச் சூழலில் குறைந்த வோட் காட் என்பது வசதியில்லாதவர்களின் சமரசம் அல்ல. புத்தியான தெரிவு என்றே நான் சொல்வேன்.

பெட்டியின் பக்கவாட்டு லேபல்

காட் பெயரைத் தேடுவதற்கு முன் கணினியின் மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் லேபலைப் படியுங்கள். டெல் ஒப்ரிபிளெக்ஸ் 7010இன் சிறிய பெட்டியில் 240 வோட். 9020இன் சிறிய பெட்டியில் 255, அதன் பெரிய பெட்டியில் 290. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜீ1 சிறிய பெட்டியில் 240. ஒப்ரிபிளெக்ஸ் 7050 சிறிய பெட்டியில் 180 மட்டுமே. புதிய தலைமுறைப் பெட்டிக்குத்தான் குறைந்த பவர் சப்ளை என்பதைக் கவனியுங்கள். பெயரையும் நம்பவேண்டாம். டெல் நிறுவனம் 7010 என்ற அதே இலக்கத்தை 2023இல் முற்றிலும் புதிய கணினிக்கும் வைத்துவிட்டது. ஆகவே இணையத்தில் '7010க்கு இது பொருந்தும்' என்று வாசித்தால், அது பழையதா புதியதா என்று பாருங்கள்.

இப்போது கணக்கு. நான்காம் தலைமுறை ஐ5-4570 புரொசெசரின் உச்ச அளவு 84 வோட். மதர்போட், ரம், ஹாட் டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 40 வைப்போம். 75 வோட் காட் ஒன்றைப் போட்டால் கூட்டுத்தொகை 199. 240 வோட் பெட்டியில் இது நிற்கும். ஆனால் அந்தப் பவர் சப்ளை பத்து வருடம் வேறெங்கோ உழைத்துவிட்டு இங்கே வந்தது, தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெய்யிலில் இயங்கப்போகிறது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். வெப்பம் கூடக்கூட பவர் சப்ளையின் கையிருப்புக் குறையும். 180 வோட் பெட்டியில் 65 வோட் புரொசெசரும், மற்றவைக்கு 40உம், காட்டுக்கு 75உம் என்றால் கூட்டுத்தொகை சரியாக 180. ஒரு வோட்கூட மிச்சமில்லை. அப்படியான பெட்டிக்கு 50 வோட்டுக்கு மேல் போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

75 என்ற எண் எங்கிருந்து வருகிறது? காட் செருகப்படும் நீண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை, தரநிலைப்படி ஆகக்கூடியது 75 வோட்டைத் தான் வழங்கும். அதில் 66 வோட் 12 வோல்ற் வழியாக வருகிறது, மிச்சம் 3.3 வோல்ற் வழியாக. அதற்கு மேல் குடிக்கும் காட்களுக்கு 6 பின் அல்லது 8 பின் தனி வயர் வேண்டும். எங்கள் அலுவலகப் பெட்டிகளில் அந்த வயர் இல்லை. சில சிறிய பெட்டிகளில் அந்தத் துளைக்குத் தயாரிப்பாளரே 75ஐவிடக் குறைந்த எல்லையை வைத்திருக்கிறார். கணினியின் மாதிரி இலக்கத்தைப் போட்டு அதன் கையேட்டைத் தரவிறக்கினால் தெரியும்.

"வயர் இல்லாவிட்டால் என்ன, கன்வேர்ட்டர் இருக்குத்தானே" என்பார்கள். ஹாட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரை 6 பின்னாக மாற்றும் சிறு வயர் மலிவாகக் கிடைக்கும். சாட்டா இணைப்பியில் 12 வோல்ற்றுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். மொத்தம் 4.5 அம்பியர், அதாவது 54 வோட். 6 பின் துளை கேட்பதோ 75 வோட் வரை. அந்த வித்தியாசம் வெப்பமாக மாறி பிளாஸ்ரிக்கை உருக்கும். அப்படிக் கருகிய இணைப்பியை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் மெத்தையோ திரைச்சீலையோ இருந்திருந்தால் கதை வேறு.

பவர் சப்ளையையே மாற்றினால் என்ன? மாற்றலாம், ஆனால் இலேசல்ல. சாதாரண கணினிகளில் 24 பின் இணைப்பி இருக்கும். ஒப்ரிபிளெக்ஸ் 9020இல் அது 8 பின், எச்பியில் 6 பின், அந்தக் கால லெனோவோவில் 14 பின். தனி அடப்ரர் தேவை. சிறிய பெட்டிக்குள் சாதாரண பவர் சப்ளை உருவத்திலும் அடங்காது. அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் பெரிய பெட்டி ஒன்றை முதலிலேயே வாங்கியிருக்கலாம் என்று வரும். இனித்தான் கணினி வாங்கப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அதே விலை என்றால் பெரிய பெட்டியை எடுங்கள்.

உருவ அளவு அடுத்த பொறி. சிறிய பெட்டிகளுக்கு அரை உயரக் காட்தான் நுழையும். அதோடு அரை உயரப் பின்தகடும் பெட்டிக்குள் இருக்கவேண்டும். பாவித்த காட்களில் அந்தத் தகடு தொலைந்துபோயிருப்பது வழமை. பல சிறிய பெட்டிகளில் நீண்ட துளைக்குப் பக்கத்திலேயே பவர் சப்ளை முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு இட அகலக் காட் அங்கே இறங்காது. ஒரு அடிமட்டத்தை எடுத்து நீளம், உயரம், அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உண்மையில் காட் தேவையா?

கேட்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தேவையில்லை. இதைச் சொன்னால் முகம் சுருங்கும். ஆனால் 4 ஜிபி ரம், பழைய சுழலும் ஹாட் டிஸ்க் உள்ள கணினியில் எந்தக் காட்டைப் போட்டாலும் அது ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரம்மை இரட்டையாக 8 அல்லது 16 ஜிபி. இரட்டையாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புரொசெசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரம்மையே கடன் வாங்குகிறது. ஒற்றைக் குச்சிக்குப் பதில் இரண்டு குச்சி போட்டால் அதற்குப் போகும் பாதையின் அகலம் இரு மடங்காகும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைக்கும், ஓட்டோகாட்டில் தட்டையான வீட்டு வரைபடம் கீறுகிறவருக்கும் இது போதும்.

காட் உண்மையாகத் தேவைப்படும் இடங்கள் வேறு. முப்பரிமாண வரைவு ஒன்று. வீடியோ இன்னொன்று. நான்காம் தலைமுறை இன்டெலின் உள்கிராபிக்ஸுக்கு எச்.265 வீடியோவை வன்பொருளில் முழுமையாகப் பிரிக்கத் தெரியாது. இப்போதைய கைபேசிகள் பலவும் அந்த வடிவத்தில்தான் பதிவுசெய்கின்றன. அதனால்தான் கைபேசியில் வழுக்கிக்கொண்டு ஓடும் வீடியோ கணினியில் இழுபடுகிறது. இயந்திரக் கற்றலுக்கு என்விடியாவின் கூடா வேண்டும் என்பார்கள். ஒப்படை அளவிலான வேலைக்கு கூகுள் கொலாப் இலவசமாகத் தரும் ரி4 காட், நாங்கள் இங்கே வாங்கக்கூடிய எதையும்விடப் பெரியது. டேட்டாச் செலவு இருக்கிறது, நேர வரையறையும் இருக்கிறது. இருந்தாலும் அதற்காக மட்டும் காட் வாங்கவேண்டாம்.

ஒரே பெயர், வேறு வேறு காட்

இந்தச் சந்தையின் மிக மோசமான பழக்கம், ஒரே பெயரில் இரண்டு மூன்று காட்களை விடுவது. ஏமாறுவதற்குப் போலிக் காட்கூடத் தேவையில்லை. அசலிலேயே பொறி இருக்கிறது.

ஜீரி 1030ஐ எடுங்கள். 2017இல் வந்தபோது அதில் ஜீடிடிஆர்5 நினைவகம் இருந்தது. விநாடிக்கு 48 ஜிபி தரவு நகரும், உச்சம் 30 வோட். அடுத்த வருடம் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 போட்ட இன்னொன்றை விட்டார்கள். அதில் 16.8 ஜிபி மட்டும். மூன்றில் ஒரு பங்கு. பெட்டிப் படமும் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, கடையில் விலையும் பெரிதாக மாறாது. ஓட்டோகாட் தன் அடிப்படைத் தேவையாக விநாடிக்கு 29 ஜிபி, பரிந்துரையாக 106 ஜிபி என்று குறிப்பிட்டிருந்தது. டிடிஆர்4 காட் அந்த அடிப்படை எல்லையைக்கூடத் தொடவில்லை. இரண்டு வகையிலும் வீடியோவை ஏற்றுமதி செய்யும் வன்பொருள் இல்லை, பிரித்துப் பார்க்கும் வசதி மட்டும் உண்டு. கல்யாண வீடியோக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஜீரி 730 இன்னும் குழப்பம். ஒரு வகை 23 வோட், ஒரு வகை 38, இன்னொரு வகை அதற்கும் முந்திய தலைமுறைச் சில்லு, 49 வோட் குடித்துவிட்டுக் குறைவாக வேலை செய்யும். ஜீரி 710 திரை காட்டுவதற்கு மட்டும். இவை இரண்டையும் இன்று காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. எச்.265 பிரிக்காது, இந்தத் தலைமுறைக்கான புதிய டிரைவர்களை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. விஜிஏ துளை உள்ள பழைய திரை வைத்திருப்பவர்கள் அந்தத் துளைக்காகவே இவற்றை வாங்குவதைப் பார்க்கிறேன். அதற்கு ஒரு கன்வேர்ட்டர் போதும்.

ஆர்ரிஎக்ஸ் 3050 என்ற பெயரிலும் இரண்டு. 2024 பெப்ரவரியில் வந்த 6 ஜிபி காட் 70 வோட் மட்டும், தனி வயர் தேவையில்லை. அதற்கு முந்திய 8 ஜிபி காட் 130 வோட், தனி வயர் கட்டாயம். '3050தானே' என்று 8 ஜிபியை வாங்கிக்கொண்டு வந்தால் எங்கள் பெட்டியில் அதற்கு உயிர் வராது. ஜீரிஎக்ஸ் 1650இலும் அதே சங்கதி. 75 வோட் காட் என்று அறிமுகமானது, ஆனால் பல தயாரிப்புகளில் 6 பின் துளை வைத்துவிட்டார்கள். படத்தில் மேல் விளிம்பைப் பார்த்தால் துளை இருக்கிறதா என்று தெரியும்.

வாங்கத் தகுந்தவை எவை என்று கேட்டால், எங்கள் பெட்டிகளுக்காகவே செய்தது போன்ற ஒரு வரிசை இருக்கிறது. விளையாட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. என்விடியா அலுவலக வேலைக்கென்று செய்த குவாட்ரோ பி620 (40 வோட்), பி1000 (47 வோட்), அவற்றுக்கு அடுத்த தலைமுறையான ரி400 (30 வோட்), ரி600 (40 வோட்), ரி1000 (50 வோட்). எல்லாமே அரை உயரம், ஒற்றை அகலம், தனி வயர் இல்லை. வீடியோ ஏற்றுமதி வன்பொருளும் உண்டு. சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருட்கள் சான்றளிக்கும் வரிசையும் இதுதான். ரி600இல் 4 ஜிபி நினைவகம், விநாடிக்கு 160 ஜிபி. ஓட்டோகாட்டின் பரிந்துரையைத் தாண்டியது, அதுவும் 40 வோட்டில். பொறியியல் பீடத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாவித்ததாகவே பெரும்பாலும் கிடைக்கும். ஒரு தொல்லை, இவற்றின் துளைகள் மினி டிஸ்பிளேபோட். எச்டிஎம்ஐக்கு மாற்றும் வயரையும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஜீரிஎக்ஸ் 1050 ரிஐ 2016இல் வந்தது, 75 வோட், 4 ஜிபி. இன்றும் ஓடும். ஆனால் அதுவும் ஜீரி 1030உம் பி620, பி1000உம் பஸ்கால் என்ற ஒரே தலைமுறை. இந்தத் தலைமுறைக்கான வழமையான டிரைவர் மேம்படுத்தல்களை என்விடியா 2025 ஒக்ரோபரோடு நிறுத்தியிருக்கிறது. 2028 ஒக்ரோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். காட் செத்துவிடாது, நாளைக்கே மென்பொருள் மறுக்காது. ஆனாலும் ஒரே விலையில் பி1000உம் ரி600உம் கிடைத்தால் ரி600ஐ எடுப்பதற்கு இது போதுமான காரணம். ரி வரிசையும் 1650உம் அடுத்த தலைமுறை.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கடதாசியில் அழகாக இருக்கும். 53 வோட், அரை உயரம், ஒற்றை அகலத்திலும் உண்டு. சிக்கல் என்னவென்றால் அது நான்கு பாதை வழியாக மட்டுமே மதர்போட்டுடன் பேசுகிறது. புதிய நான்காம் தலைமுறைத் துளையில் அது போதும். எங்கள் பழைய மூன்றாம் தலைமுறைத் துளையில் பாதையின் வேகம் பாதியாகி, விளையாட்டுகளில் தடுமாறும். வீடியோ ஏற்றுமதி வன்பொருளும் இல்லை. இன்டெலின் ஆர்க் ஏ310, ஏ380 காட்களில் வீடியோ வேலை பிரமாதம். ஆனால் அவற்றுக்கு 'ரீசைசபிள் பார்' என்ற வசதியுள்ள கணினி வேண்டும், இன்டெலில் என்றால் பத்தாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் அது கிடையாது. விட்டுவிடுங்கள்.

ஆகவே கையில் காசு மிகக் குறைவென்றால் ஜீடிடிஆர்5 ஜீரி 1030 அல்லது பி620. படிப்புக்கும் வரைவுக்கும் ரி600. வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் வயர் கேட்காத 1650 அல்லது ரி1000. பெரிய பெட்டியும் நல்ல பவர் சப்ளையும் இருந்து கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் 6 ஜிபி 3050. விலையை இங்கே எழுதவில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

வீடியோக்காரர்களுக்கு இரண்டு குறிப்புகள். காட் போட்டதும் பல பெட்டிகளில் இன்டெல் உள்கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும். பயோஸில் பல திரைகளுக்கான தெரிவை இயக்கினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும், பிறீமியர் போன்றவற்றில் அது உதவும். மற்றது, புதிய கமராக்களின் 10 பிட் 4:2:2 பதிவை மேலே சொன்ன என்விடியா காட் எதுவும் வன்பொருளில் பிரிக்காது. கமராவிலேயே 4:2:0 என்று மாற்றிப் பதிவுசெய்யுங்கள், அல்லது புரொக்சி போட்டு வெட்டுங்கள்.

கடையில் நிற்கும்போது

அசல் பொறியைத் தாண்டினால் போலிப் பொறி. ஒரு தசாப்தத்துக்கு முந்திய ஜீரிஎஸ் 450 போன்ற சில்லை வைத்து, அதன் பயோஸை மாற்றி, 'ஜீரிஎக்ஸ் 1050 ரிஐ' என்று காட்டும் காட்கள் உலகெங்கும் இணைய வழியில் விற்கப்பட்டன. விண்டோஸும் அதே பெயரைத்தான் காட்டும். ஜீபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை 2018இலிருந்து இதைக் கண்டுபிடிக்கப் பழக்கியிருக்கிறார்கள். போலியென்றால் பெயருக்கு முன்னால் போலி என்றே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். அதை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே ஒரு கணினியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். நினைவக வகையும் அதே திரையில் தெரியும், டிடிஆர்4ஆ ஜீடிடிஆர்5ஆ என்ற சந்தேகமும் அங்கேயே தீரும். காட்டமாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடவுங்கள்.

பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் ஒரு காட் சில ஆயிரம் ரூபா மலிவாக இருக்கலாம். அது பழுதானால் கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரவேண்டும், அதுவும் இரண்டு தடவை, கொடுக்க ஒன்று எடுக்க ஒன்று. உத்தரவாதத்தை உள்ளூரில் ஏற்றுக்கொள்ளும் கடைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நட்டமில்லை.

யூபிஎஸ்ஸும் கட்டாயம். 650 விஏ என்று எழுதியிருந்தால் அது 650 வோட் அல்ல, 360 வோட் அளவில்தான் இருக்கும். எங்கள் பெட்டிக்கு அது தாராளம். ஆனால் மின்சாரம் போகும் கணத்தில் கணினியும் சேர்ந்து அணைந்தால், யூபிஎஸ் பழுது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். மலிவு யூபிஎஸ்கள் தரும் சதுர வடிவ அலையைப் பிரான்டட் பெட்டிகளின் பவர் சப்ளைகள் சில ஏற்பதில்லை. வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தால் தெரியும்.

சோலரும் பற்றரியும் வைத்திருப்பவர்களுக்கு வோட் என்பது நேரடியாக மணித்தியாலம். 12 வோல்ற் 100 அம்பியர்-மணி ஈய பற்றரியில் 1200 வோட்-மணி இருக்கிறது. பற்றரி கெடாமலிருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், இன்வேர்ட்டர் இழப்புப் போக ஏறத்தாழ 500. திரையோடு சேர்த்துக் கணினி 120 வோட் எடுத்தால் நான்கு மணித்தியாலம். 200 எடுத்தால் இரண்டரை. கம்பி மின்சாரத்தில் வித்தியாசம் பட்டியலில் தெரியும். 75 வோட் காட் நாளுக்கு ஆறு மணித்தியாலம் முழுமூச்சாக ஓடினால் மாதம் 13.5 அலகு, 30 வோட் காட் என்றால் 5.4. எட்டு அலகுதானே என்று நினைக்கலாம். ஆனால் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலைப்பட்டியல், நிலையான கட்டணமும் கூடும். 55இல் நிற்கும் வீட்டை அந்த எட்டு அலகு கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும்.

தூசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிரவல் வீதியோரத்து வீடென்றால் மூன்று மாதத்தில் விசிறி இறக்கையில் சிவப்புப் படை படியும். மாதம் ஒருமுறை திறந்து தூரிகையால் துடையுங்கள். விசிறியே இல்லாத காட்கள் சத்தமில்லை என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. காற்றோட்டமற்ற சிறிய பெட்டிக்குள், எங்கள் வெக்கைக்கு, அவை சரிவராது. இடிமின்னல் காலத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

காட் போட்ட அன்றிரவு வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, விசிறி சுத்துது, ஆனா திரையில ஒண்டும் இல்லை." பத்தில் ஏழு தடவை திரையின் வயர் இன்னும் மதர்போட்டின் பழைய துளையிலேயே இருக்கும். கழற்றிக் கீழேயுள்ள புதிய காட்டில் செருகச் சொல்வேன். மிச்சம் மூன்றுக்குக் காட்டை ஒருமுறை கழற்றி, நன்றாக அழுத்திப் பூட்டி, பயோஸைத் தயாரிப்பாளரின் தளத்திலுள்ள கடைசிப் பதிப்புக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். அதை யூபிஎஸ் இல்லாமல், மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் செய்யாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் மதர்போட் திரும்ப எழாது.